டிவி வராத ஊரும், டிவி வந்த தீவும்

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் மூணு வயசு இருக்கும், ஒரு பெண் குழந்தை. தண்ணீர் டம்ளர்மேல் சாய்த்து வைத்த போனில் ஏதோ பாட்டு ஓடுகிறது. பாட்டி ஒவ்வொரு வாயாக ஊட்டுகிறார். குழந்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயைத் திறக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அலுத்துக்கொண்டார்: "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மனுஷங்களே வேண்டாம்னு ஆயிடுச்சு சார்." சொல்லி முடித்த கையோடு, சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் போனும் மேஜைமேல்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. திரை ஒரு குழந்தையின் பழகும் விதத்தை நிஜமாகவே மாற்றுகிறதா? பகிர்ந்துகொள்வது, சண்டை போடுவது, சமாதானம் ஆவது, அழுகிற இன்னொரு குழந்தையைப் பார்த்து முகம் மாறுவது, இதெல்லாம் திரையால் கெடுகிறதா? அல்லது எல்லாத் தலைமுறைப் பெரியவர்களும் எல்லாப் புதுப் பொருளையும் பார்த்துச் சொல்லும் புலம்பல்தானா இதுவும்?

இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. போனைப் பற்றி ஆரம்பித்தேன், போய்ச் சேர்ந்தது டிவியில். காரணம் எளிமையானது. போன் எல்லா ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்துவிட்டது. போன் இல்லாத ஊரை இன்று எங்கே போய்த் தேடுவது? டிவி அப்படி இல்லை. ஒரு ஊருக்கு முன்னாடியும் இன்னொரு ஊருக்குப் பின்னாடியும் வந்தது. அதனால் "வருவதற்கு முன் எப்படி இருந்தார்கள், வந்த பிறகு எப்படி ஆனார்கள்" என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

பயம் புதிதல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயம் டிவிக்கும் முந்தையது. சினிமா குழந்தைகளை என்ன செய்கிறது என்று அமெரிக்காவில் பெய்ன் நிதியத்தின் உதவியோடு பெரிய ஆய்வு வரிசையே நடந்து, 1933-லிருந்து புத்தகங்களாக வெளிவந்தது. டிவி வந்ததும் அதே கேள்வி அதன் பக்கம் திரும்பியது.

இங்கிலாந்தில் ஹில்டே ஹிம்மல்வைட் என்ற உளவியலாளர், இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, டிவி இருக்கிற வீட்டுப் பிள்ளைகளையும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். நார்விச் நகரத்தில் டிவி வருவதற்கு முன்னும் பின்னும் போய்ப் பார்த்தார்கள். 1958-ல் புத்தகம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் கேட்ட கேள்வி. "டிவி நல்லதா கெட்டதா" என்பதோடு நிற்காமல், "டிவி பார்க்கிற நேரம் எதிலிருந்து கழிகிறது" என்றும் கேட்டார்கள். ரேடியோ, காமிக்ஸ், சினிமா என்று டிவியைப் போலவே பொழுதைப் போக்கித் தருபவைதான் முதலில் அடிபட்டன. இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அடுத்து எல்லா உளவியல் பாடப் புத்தகத்திலும் இருக்கிற ஸ்டான்ஃபோர்ட் பரிசோதனை. 1961-ல் ஆல்பர்ட் பண்டூராவும் அவர் குழுவும் பாலர் பள்ளிக் குழந்தைகள் 72 பேரை வைத்துச் செய்தது. ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடிக்கிறார், உதைக்கிறார், திட்டுகிறார். பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளைப் பிறகு அதே பொம்மை இருக்கிற அறையில் விட்டால், அச்சுப் பிசகாமல் அதையே செய்கிறார்கள். 1963-ல் நேரில் காட்டியதையே சினிமாவாகவும் காட்டிப் பார்த்தார்கள். திரையில் பார்த்தவர்களும் அதேபோல் அடித்தார்கள்.

குழந்தை திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஒரு ஆய்வு அறை. அந்தப் பொம்மையோ, அடித்தால் சாய்ந்து மறுபடி எழுந்து நிற்கும் பொம்மை. நிஜமான பள்ளி மைதானத்தில், நிஜமான இன்னொரு பிள்ளையின்மேல் குழந்தை இதைச் செய்யுமா? அதைத் தெரிந்துகொள்ள ஒரு மைதானம் வேண்டும், அங்கே டிவியும் இன்னும் வந்திருக்கக் கூடாது.

கனடாவில் ஒரு பள்ளத்தாக்கு

1973-ல் அப்படி ஒரு ஊர் கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சில நூறு பேர் வாழ்ந்த சின்ன ஊர். நிஜப் பெயரை ஆய்வாளர்கள் வெளியிடவில்லை. "நோடெல்" என்று புனைபெயர் வைத்தார்கள், அதாவது டிவி இல்லாத ஊர். ரொம்ப ஒதுக்குப்புறமான இடம் என்றெல்லாம் இல்லை. சாலை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. பள்ளத்தாக்கில் இருந்ததால் டிவி அலைவரிசை மட்டும் எட்டவில்லை.

அந்த ஊருக்கு டிவி வரப்போகிறது என்று தெரிந்ததும் டேனிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் குழு அவசர அவசரமாகப் போய், வருவதற்கு முந்தைய நிலையைப் பதிவு செய்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு ஊர்கள். ஒன்றில் ஏற்கெனவே ஒரு சேனல் வந்துகொண்டிருந்தது, அதற்கு "யூனிடெல்" என்று பெயர். இன்னொன்றில் அமெரிக்கச் சேனல்களும் சேர்த்து நான்கு, அது "மல்டிடெல்". இரண்டு வருடம் கழித்து மூன்று ஊர்களுக்கும் திரும்பப் போனார்கள்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் விளையாடும்போது பார்வையாளர்கள் பக்கத்தில் நின்று எண்ணினார்கள். எத்தனை தடவை தள்ளுகிறார்கள், அடிக்கிறார்கள், கடிக்கிறார்கள், வாயால் திட்டுகிறார்கள் என்று. முதலில் பார்த்த 45 பிள்ளைகளையே இரண்டு வருடம் கழித்தும் பார்த்தார்கள். நோடெல் பிள்ளைகளிடம் கையால் அடிப்பதும் வாயால் திட்டுவதும் தெளிவாகக் கூடியிருந்தன. பையன்களிடமும் கூடியது, பெண் பிள்ளைகளிடமும் கூடியது. ஏற்கெனவே முரட்டுத்தனமாக இருந்தவர்களிடம் மட்டுமில்லை, சாதுவாக இருந்தவர்களிடமும் கூடியது. மற்ற இரண்டு ஊர்களில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை.

1986-ல் வெளிவந்த புத்தகத்தில் இந்த முடிவுதான் பிரபலமானது. "டிவி பிள்ளைகளை முரடாக்கும்" என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் நோடெல்லைத்தான் காட்டுவார்கள். அதே புத்தகத்தில் இருக்கும் இன்னொரு அத்தியாயத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. டிவி வந்த பிறகு அந்த ஊரில் பெரியவர்களும் மாறிப்போனார்கள். விளையாட்டு, கூட்டம், நடனம், சங்கம் என்று ஊர்ப் பொது நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வது குறைந்தது.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். மைதானத்தில் பிள்ளைகள் மாறியதும், மன்றத்துக்குப் பெரியவர்கள் வராமல் போனதும் ஒரே இரண்டு வருடத்தில் நடந்திருக்கின்றன. ஒன்றுக்கு இன்னொன்று காரணம் என்று ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகளை மாற்றியது திரையில் ஓடிய காட்சிகள் மட்டும்தானா?

அட்லாண்டிக் நடுவில் ஒரு தீவு

இரண்டாவது ஊர் ஒரு தீவு. நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்தார்களே, 1821-ல் அவர் இறந்தாரே, அதே செயின்ட் ஹெலினா. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு புள்ளி. சில ஆயிரம் பேர்தான் மக்கள். அந்தக் காலத்தில் விமான நிலையம் கிடையாது. சாமான் வந்தாலும் ஆள் வந்தாலும் கப்பலில்தான்.

செயற்கைக்கோள் வழியாக டிவி ஒளிபரப்பு அங்கே வந்தது 1995 மார்ச்சில். இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி சார்ல்டன் என்ற ஆய்வாளர் அதற்கு முன்பே அங்கே வேலையை ஆரம்பித்திருந்தார். நோடெல் மாதிரி ஆட்கள் நின்று எண்ணவில்லை. பள்ளி மைதானங்களில் வீடியோ கேமரா வைத்தார்கள். 3 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகள் விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்து வகைப்படுத்தினார்கள். தள்ளுவது, உதைப்பது ஒரு பக்கம். பகிர்வது, உதவுவது, அழுகிறவரைத் தேற்றுவது இன்னொரு பக்கம். டிவி வருவதற்குச் சில மாதம் முன்பு ஒரு முறை, வந்து 8 மாதம் கழித்து ஒரு முறை. பல வருடம் கழித்து மறுபடியும் படம் பிடித்தார்கள்.

நோடெல்லைப் படித்துவிட்டு வந்த எனக்கு, இங்கேயும் அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றியது. நடக்கவில்லை. பெரும்பாலான அளவைகளில் மாற்றமே இல்லை. மாறிய சிலவற்றிலும் நல்ல பக்கமாக மாறியவை உண்டு. 5 வருடம் கழித்துப் பார்த்தபோதும் மைதானம் சண்டைக்களம் ஆகிவிடவில்லை. டிவியில் அடிதடி இல்லையா என்றால், இருந்தது. பிள்ளைகள் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள்.

ஏன் என்று சார்ல்டன் குழு தேடியது. அவர்கள் காட்டிய காரணங்கள் டிவிப் பெட்டிக்கு வெளியே இருந்தன. இந்தப் பிள்ளைகள் டிவி வருவதற்கு முன்பே மிக நல்ல நடத்தை உள்ளவர்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வீடு, பள்ளி, தெரு என்று எங்கே போனாலும் யாராவது ஒரு பெரியவர் கண் பிள்ளைமேல் இருக்கும். ஒரு பிள்ளை இன்னொன்றை அடித்தால் அது வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். நம்ம ஊர்க் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நியாயமாக ஒரு மறுப்பையும் சொல்ல வேண்டும். அந்தத் தீவில் ஒளிபரப்பு வருவதற்கு முன்பே வீடியோ கேசட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக, திரையே தெரியாத பிள்ளைகள் இல்லை. நோடெல்லோ ஒரே ஒரு சின்ன ஊர். இரண்டையும் தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. என்றாலும் ஒன்றை மறுக்க முடியாது. ஏறத்தாழ ஒரே மாதிரியான பெட்டி, இரண்டு வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு விளைவு. அப்படியென்றால் விளைவைப் பெட்டி மட்டும் தீர்மானிக்கவில்லை.

கூட இருப்பது யார்?

இதற்கு அப்புறம் படித்த ஆய்வுகளை எல்லாம் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். "குழந்தை என்ன பார்க்கிறது" என்பதோடு "கூட யார் இருக்கிறார்கள்" என்றும் கேட்டுக்கொண்டே.

2003-ல் அமெரிக்காவில் பெட்ரீஷியா குல் குழு 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தது. ஒரு குழுவுக்கு மாண்டரின் பேசும் ஒருவர் நேரில் வந்து, கீழே உட்கார்ந்து, பொம்மை காட்டிப் பேசினார். மொத்தம் 12 தடவை. அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். அவர்கள் ஒன்றுமே கற்கவில்லை.

அப்போ திரைதான் குற்றவாளி என்று முடித்துவிடலாமா? 2014-ல் வந்த இன்னொரு ஆய்வில் 2 முதல் 2½ வயதுக் குழந்தைகளுக்குப் புது வார்த்தைகள் சொல்லிக் கொடுத்தார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. அதே திரையில் வீடியோ அழைப்பில் ஒருவர் குழந்தையைப் பார்த்து, அது சொல்வதற்குப் பதில் சொல்லிப் பேசியபோது கற்றுக்கொண்டார்கள். 2018-ல் குல்லின் குழுவே இன்னொன்றைச் செய்தது. தொட்டால் மாண்டரின் வீடியோ ஓடும் திரைமுன் 9 மாதக் குழந்தைகளில் சிலரைத் தனியாகவும், சிலரை இன்னொரு குழந்தையோடு ஜோடியாகவும் விட்டார்கள். ஜோடியாக இருந்தவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். பக்கத்தில் இருந்தது இன்னொரு குழந்தைதான். அதுவே போதுமானதாக இருந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1999-ல், 2 வயதுக்குக் கீழே டிவியே வேண்டாம் என்றது. 2016-ல் அதைத் திருத்தி, 18 மாதத்துக்குக் கீழே திரை வேண்டாம், வீடியோ அழைப்பு மட்டும் பரவாயில்லை என்றது. துபாயிலோ டொரண்டோவிலோ இருக்கிற பேரனிடம் தினமும் போனில் கொஞ்சுகிற தாத்தா பாட்டிகளுக்கு இந்தத் திருத்தம் நிம்மதி தரும். திரையின் அந்தப் பக்கம் பதில் சொல்ல ஒரு மனுஷர் இருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

அசையாத முகம்

கடைசியாகப் படித்ததுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் ஒரு எளிய பரிசோதனை செய்தார். அம்மா தன் கைக்குழந்தையோடு சிரித்து விளையாடுகிறார். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் அசையாமல் இருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் போடும். ஒன்றும் நடக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். 2018-ல் இந்தப் பழைய பரிசோதனையில் ஒரு மாற்றம் செய்தார்கள். அம்மா முகத்தைச் சும்மா இறுக்கமாக வைக்க வேண்டாம், கையில் இருக்கும் போனைப் பார்த்தால் போதும். குழந்தைகளிடம் அதேபோன்ற தவிப்பு தெரிந்தது.

2014-ல் ஜென்னி ராடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரின் குழு, பாஸ்டன் பகுதியில் துரித உணவகங்களுக்குப் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்து கவனித்தது. சின்னக் குழந்தைகளோடு சாப்பிட வந்த பெரியவர்கள் 55 பேர். அவர்களில் 40 பேர் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தார்கள். 16 பேர் கடைசி வரை கீழே வைக்கவே இல்லை. சில குழந்தைகள் பேசாமல் சாப்பிட்டன. சில குழந்தைகள் கவனத்தை இழுப்பதற்காகச் சேட்டையைக் கூட்டின. போனில் முழுக்க மூழ்கியிருந்த பெரியவர்களிடமிருந்து வந்த பதில் பெரும்பாலும் அதட்டல்தான்.

இங்கேதான் டிவிக்கும் போனுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் எனக்குப் புரிந்தது. டிவி கூடத்தின் ஒரு மூலையில் இருந்தது. வீட்டில் எல்லோரும் அதை ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தோம். அடிதடி வந்தால் அம்மா "அப்படியெல்லாம் பண்ணக் கூடாது" என்றாவது சொல்வார். போன் ஆளுக்கு ஒன்று. குழந்தையைத் தனியாக ஒரு திரையிலும், பக்கத்தில் இருக்கும் பெரியவரை இன்னொரு திரையிலும் உட்கார வைக்கிறது. செயின்ட் ஹெலினா பிள்ளைகளைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுவது எதுவோ, பெரியவர்களின் அந்தக் கண்ணைத்தான் போன் முதலில் எடுத்துக்கொள்கிறது.

அதனால், "பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கலாம்" என்ற கேள்வி தேவைதான், ஆனால் அது பாதிக் கேள்வி. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இன்னும் கறாராக இருங்கள் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-ல் சொன்னதும் ஏறத்தாழ அதேதான், கூடவே பெரியவர் மேற்பார்வையையும் சேர்த்துச் சொன்னது. ஹிம்மல்வைட் 1958-லேயே கேட்ட மற்றப் பாதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: அந்த நேரம் எதிலிருந்து கழிகிறது? நான் அதில் ஒரு வார்த்தை மட்டும் மாற்றுவேன். யாரிடமிருந்து கழிகிறது?

சமையலுக்கு இடையில் அரை மணி நேரம் கார்ட்டூன் போட்டுவிடுகிற அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தக் கட்டுரையை யாரும் பயன்படுத்த வேண்டாம். செயின்ட் ஹெலினாவில் பிள்ளையைக் கவனித்தது ஒரு தீவு முழுக்க. இங்கே ஒரு அடுக்குமாடி வீட்டில் அதே வேலையை ஒரே ஆள் தனியாகச் செய்கிறார். அந்த ஆளிடம் போய் "திரையைக் குறைங்க" என்று சொல்வது சுலபம். ஒரு மணி நேரம் அந்தக் குழந்தையோடு விளையாடிவிட்டு வருவது அதைவிட உபயோகமானது.

மறுபடி பந்திக்கு வருகிறேன். பாயசம் வந்தபோது அந்தக் குழந்தையின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அழுகை வரும் என்று எல்லோரும் தயாரானோம். அது ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்துவிட்டு எதிரே இருந்த எங்களைப் பார்த்தது. பெரியவரைப் பார்த்தது. அவர் குனிந்து போனில் இருந்தார். என்னைப் பார்த்தது. நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் காட்டியது. பெரியவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் நாலு தடவை காட்டி முடித்திருந்தோம்.